சும்மா இருக்கும் துளி

ஐந்தே முக்காலுக்கு அலாரம். வாசலில் இருந்து பால் பாக்கெட்டை எடுத்து வருகிறேன். அடுப்பில் வெந்நீர் வைக்கிறேன். பிரிட்ஜைத் திறந்து உள்ளே தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்க்கிறேன். நான்கு டிகிரி. மூடுகிறேன். மார்கழி என்பதால் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கிறது. பாட்டிலை வெந்நீரில் நிறுத்திவிட்டுப் பல் துலக்கப் போகிறேன். திரும்பி வரும்போது ஓரம் இளகி, நடுவில் ஒரு வெள்ளைத் தூண் மிதக்கிறது. இளகியதை மட்டும் தலைக்குத் தடவிக்கொள்கிறேன். காபி. இரண்டு தோசை, சில நாள் ஒன்று. எட்டே காலுக்கு ஹெல்மெட்டை எடுக்கிறேன்.

பிரிட்ஜில் பாலும் மாவும் தவிர ஒரு பொருள்தான் உண்டு. மேல்தட்டில், மூடி போட்ட அகலமான எவர்சில்வர் கிண்ணம். அதில் விரல் அகலத்துக்குத் தேங்காய் எண்ணெய், உறைந்தது. இரண்டு வருடமாக இளகவில்லை. இன்வெர்ட்டர் வாங்கியது அதற்காகத்தான். மின்விசிறியைக்கூட அதில் இணைக்கவில்லை.

என் மனைவி மிருதுளா இறந்த அன்று சமையலறை ஜன்னல் திட்டில் இருந்த கிண்ணம் அது.

நான் கோவையில் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் தொழிலுக்கு உறைகுரல் என்று பெயர். பக்கத்தில் யாராவது பேசினால் திரவத்தின் மேற்பரப்பு நடுங்கும். கண்ணுக்குத் தெரியாத நடுக்கம். அந்தத் திரவம் உறைந்துகொண்டிருந்தால், ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி வளையம் வளையமாக உறையும். ஒவ்வொரு வளையமும் தான் உறைந்த நொடியின் நடுக்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறும் மெழுகு, நெய், தேங்காய் எண்ணெய், எல்லாம் அப்படித்தான். அந்த மேற்பரப்பை ஒளியால் அளந்து, கணினியில் காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் பேச்சு கிடைக்கும். மூன்று வருடமாக நீதிமன்றங்கள் அதைச் சாட்சியமாக ஏற்கின்றன. பின்னோக்கி ஓட்டும் நிரலில் பெரும்பகுதி நான் எழுதியது.

ஒருமுறை இதை மிருதுளாவுக்கு விளக்க முயன்றேன். சாப்பாட்டு மேசையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றிருந்தது.

"இது ஏன் பரவாம குமிழா நிக்குது தெரியுமா?"

"நீங்க தொடைக்காததால."

"மேல்பரப்பு அதை இழுத்துப் பிடிச்சிருக்கு. கம்ப்யூட்டர்ல இதைச் செய்யணும்னா இடத்தைக் கட்டம் கட்டமாப் பிரிக்கணும். கட்டம் சதுரம். துளியோட விளிம்பு வளைவு. ரெண்டும் ஒட்டாது. அதனால ஒவ்வொரு கட்டத்துலயும் இழுப்பு இத்தனூண்டு தப்பா வரும். அந்தத் தப்பே துளிக்குள்ள சுழல் கிளப்பிவிட்டுடும். நெஜத்துல அசைவே இருக்காது. கணக்குல மட்டும் அசையும். போலி ஓட்டம்னு சொல்லுவோம்."

"அப்புறம்?"

"அதனால நிரல்ல எதை மாத்தினாலும் முதல்ல ஒரு துளியைச் சும்மா விட்டுப் பாப்போம். அசையாம இருந்தா பாஸ்."

அவள் தோசையை மென்றபடி யோசித்தாள்.

"சும்மா இருக்கறது சும்மா இருக்குதான்னு பாக்கறதுக்கு உங்களுக்கு ஏசி ரூமு."

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வேலை செய்தாள். அவளுடைய அறையிலும் ஏசி இருந்தது. அதைச் சொல்லத் தோன்றவில்லை.

அவள் இறந்த அன்று காலையும் இன்று போலத்தான். பாட்டில் வெந்நீரில் நின்றது. இளகிய எண்ணெயை அவள் கிண்ணத்தில் ஊற்றினாள். இருவரும் தலைக்குத் தடவிக்கொண்டோம். நான் கிளம்பும்போது அவள் ஏதோ வேலை சொன்னாள். "ம்" என்றேன். இரண்டு மாடி இறங்கி வண்டியிடம் வந்து நிமிர்ந்து பார்த்தேன். சமையலறை ஜன்னலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தபடி வாய் அசைந்தது. ஹெல்மெட் போட்டிருந்தேன். கேட்கவில்லை. கையை உயர்த்திக் காட்டிவிட்டு வண்டியை உதைத்தேன். முதல் உதைக்கு எடுக்கவில்லை. இரண்டாவதற்கு எடுத்தது.

அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டில் இருந்து போன் வந்தது. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது.

மதியம் வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் திட்டில் அந்தக் கிண்ணம் இருந்தது. பக்கத்தில் பாதி கடித்த கேரட். கிண்ணத்துக்கு மூடி போட்டு பிரிட்ஜில் வைத்தேன். வேறு எதையும் அன்று நானாகச் செய்யவில்லை. சொன்ன இடத்தில் நின்றேன், சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள், எடுப்பதற்கு முன், அவள் தலையில் எண்ணெயும் அரப்புப் பொடியும் வைக்க வேண்டும். என் பெரியம்மா வீட்டில் எண்ணெய் தேடினார். பாட்டில் காலி. பிரிட்ஜில் இருந்து அந்தக் கிண்ணத்தை எடுத்தார்.

"அது வேண்டாம்" என்றேன்.

"எண்ணெதானேடா?"

"அதைத் தொடாதீங்க பெரிம்மா."

கடையில் இருந்து புது பாட்டில் வாங்கி வந்தார்கள். கட்டின பெண்டாட்டி தலைக்கு ஒரு சொட்டு எண்ணெய் கொடுக்காதவன் என்று பெரியம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மைதான். கொடுக்கவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரர்களின் மாதிரியை அவரவரே ஓட்டக் கூடாது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் அந்த விதியை மதித்தேன். போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். குளிரறையில் மேற்பரப்பை அளந்தேன். நடுப்பகுதியை மட்டும் ஓட்டினேன். அவள் ஜன்னலில் நின்ற நேரம் அங்கேதான் இருக்கும். பின்னோக்கிப் போகப் போக எல்லாம் மங்கும் என்பதால், பேசியவரின் குரல் மாதிரியையும் நிரலுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். என் போனில் அவள் அனுப்பிய குரல் செய்திகள் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. எல்லாவற்றையும் கொடுத்தேன். ஒன்பது மணி நேரம் ஓடியது.

"சீக்கிரம் வந்துருங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அவள் குரல். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் அவள் விடும் மூச்சு. அதன் பிறகு நான் கொஞ்சம் தூங்கினேன். சாப்பாட்டில் உப்பு தெரிந்தது. வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தேன். அவள் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தாள்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை. ஆய்வகத்துக்கு எதிரே டீக்கடையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு நெருங்கினார்.

"சார், நீங்க அந்தக் கம்பெனிங்களா?"

"ஆமாங்க."

"பேரு குப்புராசுங்க. டவுன் பஸ் கண்டக்டர். உடுமலை மெழுகுவத்தி கேசு, வேலம்மாள். அவ ஊட்டுக்காரனுங்க நான்."

அந்த வழக்கு எனக்குத் தெரியும். வேலம்மாள் படுக்கையில் கிடந்த ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண். மின்சாரம் போன ஒரு மாலையில் மூதாட்டி இறந்தார். மருந்து அதிகமாகியிருந்தது. தட்டில் வழிந்து ஆறிய மெழுகில் இருந்து வேலம்மாளின் குரலை எங்கள் நிரல்தான் எடுத்துக் கொடுத்தது. 'ரெண்டு மடங்கு குடுத்துட்டேன். இனி எந்திரிக்க மாட்டாங்க.'

"வழக்கைப் பத்தி நான் பேசக் கூடாதுங்க" என்றேன்.

"நீங்க பேச வேண்டாங்க. டீயைக் குடிங்க. நான் பேசறேன்." தன் டம்ளரைக் கீழே வைத்தார். "கோர்ட்டுல போட்டுக் காட்டுனாங்க. அவ குரலேதானுங்க. மூச்சு இழுக்கறதுகூட அவளாட்டமே இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, எனக்கே சந்தேகம் வந்திருச்சு. மூணு நாள் கழிச்சு பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கறப்பத்தான் பொறி தட்டுச்சு. கரண்டு போனா அவ பேச மாட்டாளுங்க."

"புரியலீங்க."

"சின்னப் புள்ளையில கெணத்துல உழுந்து ஒரு ராத்திரி பூரா கெடந்தவ. இருட்டுனா வாய் கட்டிக்கும். கல்யாணமாயி பதினேழு வருசம். கரண்டு போனா வந்து என் கையைப் புடிச்சுக்குவா. ஒரு வார்த்தை வராது. ஈபிக்காரன் வந்தாத்தான் உனக்கு வாய் வரும்னு கேலி பண்ணுவேன். மெழுகுவத்தி எரிஞ்சா மட்டும் என்னங்க, அதுவும் இருட்டுதானுங்களே."

"இதை வக்கீல்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். மெஷினு சொல்றதுக்கு எதிரா புருசன் சொல்றது நிக்காதுன்னுட்டார். திங்கக்கிழமை தீர்ப்பு." அவர் என்னை நேராகப் பார்த்தார். "அது அவ குரலுங்க சார். ஆனா அவ பேசலை. ரெண்டும் எப்படின்னு எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுப் போக வந்தேன்."

தெரியாது என்றேன். அது பொய் இல்லை. ஆனால் படியேறும்போது ஒரு கேள்வி வந்துவிட்டது.

எங்கள் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் ஜெசிந்தா. நாகர்கோவில்காரி. என் வயது. நான் எழுதும் எதையும் அவள் சும்மா துளியில் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை.

"குரல் மாதிரி கொடுக்கற பகுதியை நான் போன வருஷம் சேர்த்தேன் இல்லையா? அதுக்கு அப்புறம் சும்மா துளி ஓட்டினியா?"

"ஓட்டாம விடுவனா மக்கா? பாஸ். தேதி வேணுமா?"

"குரல் மாதிரியோட ஓட்டினியா?"

"யாரு குரலக் குடுக்க? சும்மா இருக்க துளிகிட்ட யாரு பேசுனா?"

"யாரும் பேசலை."

"அதான் குடுக்கல்ல."

சொல்லி முடித்ததும் அவள் கையில் இருந்த பேனா நின்றது. யாரும் பேசாத இடத்துக்கு யாருடைய குரலையும் கொடுக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வேலையில் அது ஒழுங்கு. ஒரு வருடம் அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, பூட்டிய குளிரறையில் வைத்து, ஆளில்லாமல் உறைய விட்டோம். வெள்ளிக்கிழமை காலை அதை அளந்து, வேலம்மாளின் குரல் மாதிரியோடு ஓட்டினோம். போலீஸ் விசாரணையில் பதிவு செய்த குரல். ரெண்டு மடங்கு குடுக்கலீங்க, எந்திரிக்கலைன்னு எனக்குத் தெரியாதுங்க என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்ன பதிவு.

மாலை நான்கு மணிக்கு முடிவு வந்தது. ஜெசிந்தா ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

'குடுத்துட்டேன். இனி எந்திரிக்க மாட்டாங்க.'

ஆளில்லாத அறையில் உறைந்த எண்ணெய் அதைச் சொன்னது.

"மாதாவே" என்றாள் ஜெசிந்தா. பிறகு மெதுவாக, தனக்கே சொல்வதுபோல்: "போலி ஓட்டம் சின்னதுதான். சுழல் ஒண்ணுமில்லாத சுழல். ஆனா நம்ம நிரல் அதுல ஒரு குரலத் தேடுது. தேடுனா கெடைக்கத்தான செய்யும்."

"ஆமா."

"இந்த வருசம் நம்ம அறிக்கைய வச்சு எத்தன பேரு உள்ள இருக்காவ தெரியுமா? இருவத்தாறு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் இன்னைக்கே எழுதுதேன். ரெண்டு கையெழுத்து வேணும். எழுதுனவனுக்குள்ளதும் சோதிச்சவளுக்குள்ளதும்."

"நாளைக்குப் போடறேன்."

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழம யாரோ ஒம்பது மணி நேரம் மெஷின ஓட்டிருக்காவ. பதிவுல கண்டேன். கேக்கல்ல."

"கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ சொல்லியிருப்ப. சொன்னா நான் எழுதிப் போடணும். உன் மூஞ்சி ரெண்டு வருசத்துக்குப் பொறவு அப்பதான் கொஞ்சம் மூஞ்சி மாதிரி இருந்துது." எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். "நாளைக்குப் போடு. ஆனா போடணும்."

சனிக்கிழமை ஆய்வகத்தில் யாரும் இல்லை. அதே சும்மா எண்ணெய். இந்த முறை மிருதுளாவின் நானூற்றுப் பன்னிரண்டு செய்திகளைக் கொடுத்தேன். அவள் குரலுக்கு அந்த எண்ணெய் பேசாமல் இருந்தால், முறை எல்லா நேரமும் தவறு செய்வதில்லை என்று ஆகும். கையெழுத்துப் போடாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கும். அப்படித்தான் நினைத்தேன். கிணற்றில் விழுந்த ஒரு பெண்ணைப் பற்றி அந்த ஒன்பது மணி நேரத்தில் ஒருமுறையும் நினைக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

"சீக்கிரம் வந்துருங்க. நான் இங்கதான் இருப்பேன்."

நடுவில் அதே மூச்சு.

அவள் அந்த அறைக்கு வந்ததே இல்லை. அந்த எண்ணெய் வாங்கி நான்கு நாள்கூட ஆகவில்லை. மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்டது சோதனைக்காக அல்ல. பிறகு ஜெசிந்தாவின் அறிக்கையைத் திறந்து கையெழுத்துப் போட்டேன்.

அன்றும் சீக்கிரம் வீட்டுக்குப் போனேன். பழக்கம்.

திங்கட்கிழமை தீர்ப்பு தள்ளிப்போனது. புதன்கிழமை வேலம்மாளுக்கு ஜாமீன் கிடைத்தது. குப்புராசு டீக்கடைக்கு வந்து ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. ஜெசிந்தா போய் வந்தாள்.

"வீட்டுக்குப் போன அன்னைக்கு ராத்திரி கரண்டு போச்சாம்" என்றாள். "கையப் புடிச்சுக்கிட்டாளாம். ஒரு வார்த்த இல்லியாம். அவரு சொல்லிச் சொல்லிச் சிரிக்காரு."

நிரலைத் திருத்த நான்கு வாரம் ஆயிற்று. இழுப்பையும் அழுத்தத்தையும் ஒரே புள்ளியில் கணக்கிட்டு ஒன்றை ஒன்று சமன் செய்ய வைத்தேன். குரல் மாதிரிப் பகுதியை எடுத்துவிட்டேன். இப்போது வருவது தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பதுபோல் இருக்கிறது. பாதி அறிக்கைகளில் 'தெரியவில்லை' என்று எழுதுகிறோம். பழைய வழக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வருகின்றன. சும்மா துளி, எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும், சும்மா இருக்கிறது.

"உன் கிண்ணத்துக்க அளவு மெஷின்லதான கெடக்கு?" என்று ஒரு நாள் ஜெசிந்தா கேட்டாள்.

"இருக்கு."

"நான் ஓட்டுதேன். நீ ஓட்டக் கூடாது. விதி."

மறுநாள் காலை என் மேசையில் ஹெட்போனை வைத்தாள். "நடுப்பகுதி முதல்ல இருக்கு. பொறவு ஓரம். ஓரத்த நீ கேக்கல்ல. நானாட்டு ஓட்டுனேன்." டீ குடிக்கப் போவதாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அவள் டீ குடிப்பதில்லை.

நடுப்பகுதி. ஏதோ இரைச்சல். குக்கரில் இருந்து ஆவி. தூரத்தில் ஒரு வண்டியை உதைக்கும் சத்தம். எடுக்கவில்லை. இன்னொரு உதை. எடுத்தது. சத்தம் தேய்ந்து போனது. என் வண்டி. நான் போகிறேன்.

குரல் இல்லை. இடையிடையே ஒரு சிறிய சத்தம் மட்டும். கறுக். கொஞ்சம் இடைவெளி. கறுக்.

அது என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. காலையில் ஒரு பச்சைக் கேரட் தின்பாள். பல்லுக்கு நல்லது என்பாள். எனக்கும் நீட்டுவாள்; நான் வாங்கியதில்லை. ஜன்னலில் நின்று மென்றுகொண்டிருந்திருக்கிறாள். நான் போவதைப் பார்த்துக்கொண்டு. என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லை. சாயங்காலம் வந்துவிடுவேன் அல்லவா.

பிறகு ஓரம். முதலில் உறைந்த வளையம். நான் இன்னும் சமையலறையில் இருந்த நேரம். அதை நான் ஓட்ட நினைத்ததே இல்லை. அப்போது நான் பக்கத்தில்தானே நின்றேன். எனக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது.

ஒரு பெண் குரல். கரகரப்பு. பாதி எழுத்துகள் கரைந்து போயிருந்தன. மூச்செல்லாம் கேட்கவில்லை. அழகாக இல்லை. அவள்தான். பேச்சு முடிந்ததும் ஓர் ஆண் குரல், "ம்".

அந்த "ம்" பொய். அவள் சொன்னதை நான் செய்யவில்லை. செய்திருந்தால் பிரிட்ஜில் வைக்க அந்தக் கிண்ணமே இருந்திருக்காது.

இன்று ஐந்தே முக்காலுக்கு அலாரம். பால் பாக்கெட். பிரிட்ஜைத் திறந்தேன். தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை. மேல்தட்டில் இருந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். கிழக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரில் ஏழரைக்கு வெயில் வரும். மூடியை எடுத்துவிட்டு அங்கே வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆய்வகத்துக்கு இன்று தாமதமாக வருவேன் என்று ஜெசிந்தாவுக்குச் செய்தி அனுப்பினேன். வா, மெதுவா வா என்று பதில் வந்தது.

ஓரம்தான் முதலில் இளகியது. பிறகு வளையம் வளையமாக உள்ளே போனது. வெள்ளை ஒரு நாணயம் அளவுக்குச் சுருங்கி, கொஞ்ச நேரம் மிதந்து, பிறகு அதுவும் இல்லை. விரலை முக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். சிக்கு வாடை. இரண்டு வருடம் ஆகிவிட்டது.

கிண்ணத்தில் மேற்பரப்பு அசையாமல் இருந்தது. இரண்டு வருடம் ஒரு மாதம் தாமதமாகச் செய்தாலும், அவள் சொன்னது இதைத்தான்.

"ஏனுங்க, எண்ணெ ஓரமா உறைய ஆரம்பிச்சிருச்சு பாருங்க. போறப்ப மறக்காம வெயில்ல வெச்சுட்டுப் போங்க."